போர்வைக்குள் ஒரு பேரம்

பம்பாய்த் துணிச் சந்தையில் நான்ஜி சேட் விலையை வாயால் சொன்னதே இல்லை. சால்வைக்கு அடியில் கையைப் பிடித்து, விலைக்கு ஏற்ற எண்ணிக்கையில் விரலை அழுத்தித்தான் பேரம். அன்று காய்ச்சலில் கண்மூடிக் கிடந்தார். வைத்தியர் போர்வைக்குள் கைவிட்டு, மூன்று விரலால் நாடி பார்த்தார்.

"மூணா? கட்டுப்படியாகாது. ரெண்டுன்னா சரக்கை எடுத்துக்கறேன்!" என்று முனகினார் சேட்.

வைத்தியருக்குச் சிரிப்புத் தாளவில்லை. "சேட்ஜி, நான் நாடி பார்க்கறேன்! சரி, மூணுன்னே வச்சுக்குவோம். மூணு நாள் படுக்கை, பாசிப்பருப்புத் தண்ணி."

"அதுவும் ரெண்டுதான்!" கண்ணைத் திறந்த பிறகும் சேட் விடவில்லை.

மனைவி மோங்கிபாய் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். போர்வைக்குள் கைவிட்டு, ஐந்து விரலையும் சேர்த்து ஓர் அழுத்து அழுத்தினாள்.

சந்தையையே ஆட்டிவைத்த சேட், "சரி, அஞ்சு நாளே! பருப்புத் தண்ணியைக் கொண்டா" என்றார்.