கோட்டைச் சிப்பாய் எந்த மொழியில் கதைத்தான்

டென்மார்க்கின் இக்காஸ்ட் நகரில், என் அறையில் நான் கதைப்பதைக் கேட்க இருந்தது குரலைப் பதியும் ஒரு ரேப் ரெக்கோடர் மட்டும்தான். மனைவி யாழ்ப்பாணத்தில் இருந்தாள். அவளை இங்கே கூப்பிட நான் கொடுத்த விண்ணப்பம் அசையாமல் கிடந்தது. மற்றத் தமிழருடையவையும் அப்படித்தான் கிடந்தன. ஏன் என்று அப்போது ஒருவரும் சொல்லவில்லை. நீதி அமைச்சரே அவற்றை நிறுத்தி வைத்தது பிறகுதான் வெளியில் வந்து, 'தமிழர் வழக்கு' ஆகி, இந்த நாட்டு அரசாங்கத்தையே கவிழ்த்தது.

பகலில் தையல் தொழிற்சாலை, பின்னேரம் மொழி வகுப்பு. டெனிஷ் மொழி என் வாய்க்குள் நுழைய மறுத்தது. ஒருநாள் ஆசிரியை எங்களுடைய பூர்வீகத்தைப் பற்றிச் சொல்லச் சொன்னார். நான் என் பூனைக்கண்ணைக் காட்டி, என் பூட்டனுக்குப் பூட்டன் ஒரு ஜேர்மன்காரன் என்றேன். ஒல்லாந்தரின் யாழ்ப்பாணக் கோட்டைக்குக் கூலிக்குச் சண்டை பிடிக்க வந்து, எங்கள் ஊர்ப் பெண்ணைக் கட்டியவன். வீட்டில் பகிடிக்குச் சொல்லும் கதை அது. வகுப்பும் சிரித்தது. ஆசிரியை மட்டும் சிரிக்காமல் கேட்டார்:

"அவர் மனைவியோடு எந்த மொழியில் பேசினார்?"

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. சனிக்கிழமைகளில் நூலகத்துக்குப் போய், அகராதியும் கையுமாக உட்கார்ந்தேன். ஒல்லாந்தரிடம் ஜேர்மன் சிப்பாய்கள் நிறையப்பேர் இருந்தார்களாம். கட்டளைக்கு ஒல்லாந்து மொழி, கடைத்தெருவுக்கு உடைந்த போர்த்துக்கீசம். தமிழ் கற்றார்களா என்று ஒரு புத்தகமும் சொல்லவில்லை. என் ஆளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எனக்கு அவன்மேல் எரிச்சல்தான் வந்தது. இங்கே ஒரு மொழிக்கே மூச்சு முட்டுகிறது, அவன் இரண்டு மூன்றைச் சமாளித்திருக்கிறான்.

கடிதத்துக்குப் பதிலாக நாங்கள் அனுப்பும் ஒலிநாடாக் கசற்றில், அப்பாவிடம் இதைக் கேட்டுப் பேசி அனுப்பினேன். மாதங்கள் கழித்து அப்பாவின் குரலோடு பதில் கசற் வந்தது.

"அவன் என்ன பாஷை கதைச்சானோ ஆருக்குத் தெரியும், தம்பி. பிள்ளையள் பெத்திருக்கிறான், அப்ப என்னவோ கதைச்சுத்தானே இருப்பான். நீ நேரத்துக்குச் சாப்பிடுறியோ?"

பிறகு மனைவியின் குரல். ஒரு பக்கம் முடியும்வரை கதைத்துவிட்டு, "இனி நீங்கள் சொல்லுங்கோ" என்றாள். அவள் குரலுக்குப் பின்னால் காகம் கரைவதும் சைக்கிள் மணியும் கேட்டன. நான் கசற்றைத் திருப்பிப் போட்டு, சுவரைப் பார்த்து என் பங்கைச் சொன்னேன். அந்தச் சிப்பாய்மேல் பொறாமையாக இருந்தது. அவனுக்கு மொழி இல்லாவிட்டாலும் முன்னால் ஒருத்தி இருந்தாள். எனக்கு முழுத் தமிழும் இருந்தது, அதை வைத்து என்ன செய்ய?

கடைசியில் மனைவி வந்து சேர்ந்தாள். முதல் நாள் பின்னேரம் தேத்தண்ணியோடு எதிரெதிரே இருந்தோம். அவள் கோப்பையைப் பார்த்தபடி ஊர்ப் புதினம் எல்லாம் சொன்னாள், நான் ஒரு "ம்" கூடப் போடவில்லை. சொல்லி முடித்துவிட்டு, "இனி நீங்கள் சொல்லுங்கோ" என்றாள். நான் தொடங்கினேன், அவள் வாயே திறக்கவில்லை. ஒருகாலத்தில் ஒருவர் கதையை மற்றவர் வெட்டி வெட்டிச் சண்டை பிடித்தவர்கள் நாங்கள். அவள் அருகில் இருந்தும், அந்த அறையில் எனக்கு அதுவரை அவ்வளவு தனிமையாக இருந்ததில்லை.

அவளும் அதை உணர்ந்திருக்க வேண்டும். எழும்பிப் போய் ரேப் ரெக்கோடரை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். திரும்பி வந்து கதிரையை எனக்குக் கிட்ட இழுத்துப் போட்டாள்.

"இஞ்சருங்கோ, நான் இனி முதலில இருந்து சொல்லப்போறன். இடையில மறியுங்கோ."

அவள் சொல்லத் தொடங்கினாள். நான் அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கே மறிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.