உச்சி வெயிலில் ஒரு குலவை

என் காதில் ஆடும் இந்தப் பாம்படம் என் மாமியாருடையது. இதைக் காப்பாற்ற அவர் செய்த காரியத்தை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்க்கிறது.

முதல் உலகச் சண்டைக்குச் சில ஆண்டுகள் முந்திய பிசான நெல் அறுப்புக் காலம். தாமிரபரணிக் கரையில் எங்கள் ஊர். தெம்புள்ளவர்கள் எல்லோரும் வயலுக்குப் போய்விட, பகலில் தெருக்களில் கிழவிகள் மட்டுமே இருப்பார்கள். அப்படி ஒரு பகலில், குடிக்கத் தண்ணீர் கேட்டு வந்த ஒருவன் மேலத்தெரு ஆச்சியின் பாம்படத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடிவிட்டான். காது கிழிந்து தொங்கியது. ஆச்சி கத்தியது அடுத்த வீட்டுக்குக்கூட எட்டவில்லை.

ஆண்கள் கூடிப் பேசி, கிழவிகள் பாம்படத்தைக் கழற்றிப் பெட்டியில் பூட்டிவிட வேண்டும் என்றார்கள். என் கணவர் வந்து சொன்னதும் மாமியாருக்கு வந்ததே கோபம்! "ஏலே, களவாங்குதவன் அவன், மூளிக்காதா அலையுதது நானா?" மறுநாளே ஊர்க் கிழவிகளைக் கூட்டி அவரே ஒரு வழி சொன்னார். தெரியாத ஆள் வாசலில் நின்றால், கல்யாணத்துக்கும் கோயில் கொடைக்கும் போடும் குலவையைப் போட வேண்டும். கேட்டவர்கள் பதிலுக்குக் குலவை போட்டுக்கொண்டே வந்துவிட வேண்டும். கத்த முடியாத கிழவிக்கும் குலவை வரும், அது வயல்வரை கேட்கும். "வாறவன் நல்லவன்னா, நம்மளக் கொண்டாடுதாகன்னு நெனைச்சுக்கிடட்டும்" என்றார். ஆண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

சில நாள் கழித்து, நான் களத்தில் சோறு பரிமாறிக்கொண்டிருந்தபோது ஊர்ப் பக்கமிருந்து ஒரு குலவை! என் மாமியாரின் குரலேதான். அடுத்து இன்னொன்று, பிறகு தெருத்தெருவாக. அகப்பையைப் போட்டுவிட்டு ஓடினேன். அறுப்பு ஆட்கள் அரிவாளோடு எனக்கு முன்னால் ஓடினார்கள். கிழிந்த காதுதான் என் கண்முன் நின்றது.

போய்ப் பார்த்தால், ஒருவனைச் சுற்றி உலக்கையும் கையுமாகக் கிழவிகள். மேலத்தெரு ஆச்சி, "இவன்தான், இவனேதான்!" என்று குதிக்கிறார். மாமியாரின் காதில் பாம்படம் பத்திரமாக ஆடியது. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. தண்ணீர் கேட்டவன் முன்னால் அவர் குலவை போட, விவரம் தெரியாத வெளியூர்க்காரன், "வீட்டுல விசேஷமா, ஆச்சி?" என்று கேட்டிருக்கிறான். "ஆமாய்யா, உமக்குத்தான். பைய இரும், ஆளுக வாறாக" என்றாராம். தலையாரி வந்து அவனைக் கட்டி இழுத்துப் போனார். சிரித்த ஆண்களின் முகத்தை அன்று பார்த்திருக்க வேண்டும்!

மாமியார் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. இப்போது பகலில் தனியாக இருக்கும் கிழவி நான். நேற்று உச்சி வெயிலில் முகம் தெரியாத ஒருவர் வாசலில் நின்று தண்ணீர் கேட்டார். நான் யோசிக்கவே இல்லை, குலவை போட்டுவிட்டேன். எதிர்வீட்டிலிருந்து உடனே பதில் வந்தது. பாவம், நிலம் அளக்க வந்த மனிதர். வேர்வையைத் துடைத்துக்கொண்டு சிரித்தபடி கேட்டார்: "வீட்டுல விசேஷமா, ஆச்சி?"

பாம்படம் தோளில் இடிக்க இடிக்கச் சிரித்தேன். "ஆமாய்யா, உமக்குத்தான். இரும், மோரே தாரேன்."