வருமானக் கட்டத்தில் எழுதிய பொய்

சுனாமி வந்து மூன்றாவது வருடம். கல்முனையில் எங்கள் வீடு இருந்த இடத்தில் கிணற்றுக் கட்டு மட்டும்தான் மிச்சம். ஐந்து பேரும் தகரக் கொட்டிலில் இருந்தோம். பகல் பத்து மணிக்கு மேல் உள்ளே இருந்தால் அடுப்பில் வைத்த சட்டிக்குள் இருப்பது போலிருக்கும். அந்த நேரத்தில்தான், வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு மாடி வீடுகளைச் சிறு வாடகைக்குக் கொடுக்கப் போவதாகச் சொல்லி விண்ணப்பப் படிவம் தந்தார்கள்.

என் கணவர் மீன் லொறிகளில் பெட்டி ஏற்றும் கூலி. உள்ளதை எழுதியிருந்தால் வீடு கிடைத்திருக்கும். ஆனால் அப்போது மூத்த மகளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தோம். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கல்யாணம். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்துவிடுவார். மகளுக்கென்று வைத்திருந்த வீட்டைக் கடல் கொண்டுபோய்விட்டது. வாடகைக்காவது ஒரு வீடு காட்டுங்கள், போதும் என்று மாப்பிள்ளையின் உம்மா சொல்லியிருந்தார். அவரிடம் நான், என் கணவர் மீன் வியாபாரம் செய்கிறார் என்று அளந்து வைத்திருந்தேன்.

பெயரோடு வருமானத்தையும் அரசாங்கக் கந்தோர்ச் சுவரில் ஒட்டுவார்கள் என்று யாரோ சொன்னதும் எனக்குப் பகீரென்றது. கணவரிடமிருந்து பேனையை வாங்கி, வருமானத்தை இரண்டு மடங்காக எழுதினேன். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை.

ஒரு மாதம் கழித்துப் பட்டியலை ஒட்டினார்கள். அதில் யாருடைய வருமானமும் இல்லை. பெயரும், தகுதி உண்டு அல்லது இல்லை என்பதும்தான். எங்களுக்கு இல்லை. வருமானம் கூடவாம்.

“நான் இவ்வளவு பெரிய பணக்காரன் எண்டு எனக்கே தெரியாது புள்ள,” என்றார் கணவர். ஏசியிருந்தால்கூடப் பரவாயில்லை.

மேன்முறையீட்டுக்குக் கடைசி நாள் வரை அலைந்து, கிராம சேவகரிடம் பேச்சு வாங்கி, உண்மை வருமானத்துக்குக் கடிதம் எடுத்தேன். அறிந்தவர் பார்த்துவிடக் கூடாதென்று முக்காட்டால் பாதி முகத்தை மறைத்துக்கொண்டு கந்தோர் வரிசையில் நின்றேன். மத்தியானம் போய்விட்டது. கால் கடுத்தது. எனக்கு முன்னால் நின்றவரும் முகத்தை மூடியிருந்தார். வேர்வை துடைக்கத் துணியை விலக்கினார். மாப்பிள்ளையின் உம்மா.

அவர் கையிலும் அதே கடிதம்.

“ராத்தா, நீங்களுமா?”

“ஓம் புள்ள. மகன்ட கல்யாணக் கதை நடக்கக்குள்ள எப்புடிக் குறைய எழுதுற? கூட்டித்தான் எழுதின. இப்ப வந்து நிக்கிறன்.”

எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. களைப்புத்தான் வந்தது. இரண்டு பேரும் தகரக் கொட்டிலில் இருந்துகொண்டு ஒருவருக்கொருவர் எவ்வளவு பெருமை பேசியிருக்கிறோம். கையிலிருந்த கடிதத்தை அவரிடமே காட்டினேன். வாசித்துவிட்டு மடித்துத் திருப்பித் தந்தார்.

கந்தோர் மூடும் நேரம் பியோன் வந்து, இன்னும் ஒருவரைத்தான் எடுப்பார்கள், அதோடு மேன்முறையீடு முடிந்தது என்றார். அடுத்த முறை மாப்பிள்ளையின் உம்மாவுடையது. என் கையைப் பிடித்து இழுத்து முன்னால் விட்டார்.

“நீங்க போங்க. பொம்புளப் புள்ளைக்குத்தான் ஊடு வேணும். கல்யாணம் முடிஞ்சா மறுகா என்ட மகன் உங்கட ஊட்டுக்குத்தானே வரப்போறான்.”

வேணாம் ராத்தா என்று ஒரு தடவை சொன்னேன். இரண்டாவது தடவை சொல்லவில்லை. உள்ளே போனேன்.

வீடு கிடைத்தது. கல்யாணமும் நடந்தது. நாட்டில் யுத்தம் முடிந்த பிறகும் மாப்பிள்ளையின் உம்மா அதே தகரக் கொட்டிலில்தான் இருந்தார். இப்போது தங்கையின் வீட்டுப் பின்னறையில் இருக்கிறார். எங்களோடு வந்து இருங்கள் என்று எத்தனையோ தடவை கூப்பிட்டோம். மருமகள் வீட்டில் போய் இருப்பது வழக்கமில்லை என்று சொல்லிவிட்டார். எப்போதாவது வந்தால் ஜன்னலோரம் காற்றுக்குப் பாய் விரித்துப் படுப்பார். படுத்த உடனே தூங்கிவிடுவார்.

அவர் தூங்குவதைப் பார்க்கும்போதெல்லாம், அன்று இரண்டாவது தடவையும் வேணாம் என்று சொல்லியிருக்கலாமே என்று நினைப்பேன். சொல்லியிருந்தால் என் மகளுக்கு இந்த ஜன்னல் இல்லை என்பதும் தெரியும், அதனால் அவர் எழும்பும் நேரத்துக்குத் தேநீர் ஊற்றி வைக்கப் போய்விடுவேன்.