சத்தமில்லாமல் கிளம்பும் கார்

ஆஸ்பத்திரியில் எல்லோரும் அவளை 'உஷ் அக்கா' என்றுதான் கூப்பிட்டார்கள். காது பரிசோதனை அறை அவளுடையது. வெளியே நடையில் யாராவது உரக்கச் சிரித்தாலோ, தள்ளுவண்டியைக் கடகடவென்று உருட்டினாலோ கதவு பாதி திறக்கும், ஒரு தலை எட்டிப் பார்க்கும், "உஷ்!" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடும். பெரிய டாக்டருக்கும் அதே உஷ்தான், தரை துடைக்கிறவருக்கும் அதே உஷ்தான். அதனால் யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

அந்த அறைக்குள் இன்னொரு சின்ன அறை இருந்தது. சுவரெல்லாம் மெத்தை வைத்து மூடியது. வந்தவர் அதற்குள் போய்க் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்காருவார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவள் ஒரு குமிழைத் திருகி ஒலிகளை அனுப்புவாள். ஒலி கேட்டால் அவர் கையிலிருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தினால் அவள் பக்கத்தில் ஒரு விளக்கு எரியும். மிக மெல்லிய ஒலியை அனுப்பிவிட்டு, விளக்கு எரியுமா எரியாதா என்று காத்திருக்கும் நேரத்தில் அவள் மனசு எங்கேயாவது போய்விடும். வருஷக்கணக்கில் அவள் கனவு கண்டதெல்லாம் அப்படிக் காத்திருந்த நேரங்களில்தான்.

அந்த வருஷம் கனவில் வந்ததெல்லாம் கார்.

அவர்களுடைய பழைய கார் ஒரு நாள் பாலத்து மேலே ஏறும்போது நீளமாக மூச்சு விட்டு நின்றுபோனது. மெக்கானிக் பானட்டைத் திறந்து பார்த்தார். துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "இதுக்கு மேல இதுல காசு போடாதீங்கம்மா" என்றார். வீடு ஊருக்கு வெளியே, ஏரிக்கு அந்தப் பக்கம். அவள் கணவர் மரம் அறுக்கும் மில்லில் வேலை. காலையில் அவளை ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டுத்தான் அவர் மில்லுக்குப் போவார். கார் இல்லாமல் முடியாது. பெட்ரோல் விற்கிற விலையில் தினமும் அவ்வளவு தூரம் ஓட்டவும் முடியாது. அதனால் பேட்டரியிலும் பெட்ரோலிலும் மாறி மாறி ஓடும் ஹைபிரிட் கார்தான் என்று முடிவானது. கையில் இருந்த பணம் கைக்குட்டை அளவு. ஒரு பக்கம் இழுத்தால் இன்னொரு பக்கம் சுருங்கும்.

தேடித் தேடிக் கடைசியில் இரண்டு கார் மிஞ்சியது. ஒன்று புதுசு, வெள்ளை. நின்ற இடத்திலிருந்து பேட்டரியிலேயே கிளம்பும், மெதுவாகப் போகும்வரை இன்ஜின் வாயே திறக்காது. இன்னொன்று வேறு கம்பெனியின் கார், யாரோ கொஞ்ச காலம் ஓட்டிவிட்டு விற்றது, நனைந்த கல்லின் நிறம். அதுவும் ஹைபிரிட்தான், ஆனால் இன்ஜினுக்குத் தூக்கம் குறைவு. லேசாக மிதித்தாலே எழுந்துகொள்ளும். டிக்கி பெரிசு. விலையும் கணிசமாகக் குறைவு.

வெளியூரில் படிக்கும் மகள் போனில் சிரித்தாள். "என்னம்மா இது, காரை வாங்கப் போறியா, தத்து எடுக்கப் போறியா? இவ்வளவு யோசிக்கிற!"

யோசிக்கக் காரணம் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. கல்யாணமான புதிதில் அவளும் அவரும் ஓயாமல் பேசுவார்கள். எப்போது குறைந்தது என்று அவளுக்குச் சரியாக ஞாபகமில்லை. பழைய கார் போட்ட கூச்சலில் ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்காது. காலையில் போகும்போதும் சாயங்காலம் வரும்போதும் இரண்டு பேரும் சாலையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். வாயை மூடிக்கொண்டிருக்கும் பழக்கம் காரிலிருந்து இறங்கி வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது என்று அவள் நம்பினாள். சத்தமில்லாத கார் வந்தால் பேச்சு திரும்பி வந்துவிடும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து விளக்குக்காகக் காத்திருக்கும்போதெல்லாம் அந்த வெள்ளைக் கார் ஏரிமேல் மிதந்து போகும். உள்ளே இரண்டு பேர் பேசிக்கொண்டிருப்பார்கள். என்ன பேசுகிறார்கள் என்று மட்டும் கனவில் கேட்காது.

ஒரு சனிக்கிழமை இரண்டையும் ஓட்டிப் பார்க்கப் போனார்கள். முதலில் வெள்ளை. அவர் ஓட்டினார், பக்கத்தில் அவள், பின் சீட்டில் ஷோரூம்காரம்மா. கார் கிளம்பியதே தெரியவில்லை. கண்ணாடிக் கதவும் மரங்களும்தான் பின்னால் நகர்ந்தன. மழை விட்டிருந்த ஏரிக்கரைச் சாலை. மேகம் இறங்கி வந்து நீரைத் தொட்டுக்கொண்டிருந்தது. நினைத்தது அப்படியே நடக்கிறதே!

"என்னங்க," என்றாள் மெதுவாக. "இந்தத் தண்ணியைப் பார்த்தா நாம முதல்ல குடியிருந்த மாடி ரூம் ஞாபகம் வருது. அந்த ஜன்னல்ல தண்ணி தேங்கி நிக்குமே."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. புது வண்டி, கவனமாக ஓட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டாள். சிக்னலில் நின்றது. இப்போது சுத்தமாகச் சத்தமே இல்லை. மறுபடியும் சொன்னாள்.

அவர் தலையாட்டினார். "ஆமா. பிரேக் நல்லா பிடிக்குது."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். குற்றம் சொல்ல இப்போது பழைய கார் இல்லை.

ஷோரூமுக்குத் திரும்பி வந்து அவர் இறங்கினார், கதவைத் திறந்தபடி விட்டுவிட்டு நடந்தார். வண்டியை அணைக்கவில்லை. உள்ளேயிருந்து மெல்லிய மணி ஒன்று விடாமல் அடித்தது.

"சார், வண்டி ஆன்லயே இருக்கு" என்றார் ஷோரூம்காரம்மா.

"எது?"

"மணி அடிக்குதே சார், கேக்கலையா?"

அவர் திரும்பி வந்து குனிந்து உள்ளே பார்த்தார். ஸ்டீரிங்கைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். மணி அடித்துக்கொண்டேயிருந்தது. அவர் முகத்தில் எதுவும் அசையவில்லை. பிறகு நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. அவளுக்கும்தான். ஊரிலிருக்கும் காதையெல்லாம் சோதித்தவளுக்கு, பக்கத்திலேயே படுத்துத் தூங்கும் காதைப் பற்றித் தெரியாமல் போயிருக்குமா? தெரிந்திருக்கும். தெரிந்ததை எங்கேயோ ஓரமாக வைத்துவிட்டுப் பழியைக் காரின்மேல் போட்டிருந்தாள்.

கல் நிறக் கார் வேறொரு கடையில் இருந்தது. அதையும் ஓட்டினார்கள். இன்ஜின் எழுந்தபோது சீட்டின் அடியில் ஒரு அதிர்வு வந்தது. "இது உயிரோட இருக்கு" என்று அவர் ஒரே ஒரு வார்த்தை பாராட்டினார். வீட்டுக்குப் பஸ்ஸில் திரும்பினார்கள்.

இரண்டு மூன்று நாள் கழித்து அவரே ஆரம்பித்தார். "அந்தக் கல்லு கலர் வண்டியே எடுத்துடலாம். வெள்ளை எனக்குப் பிடிக்கல. ஆன்ல இருக்கா ஆஃப்ல இருக்கான்னே தெரியல. அது என்ன வண்டி?"

அவள் காய் நறுக்குவதை நிறுத்தினாள். அவர் முன்னால் போய் நின்று, முகத்தைப் பார்த்துச் சொன்னாள். "அது வண்டியோட கோளாறு இல்லீங்க."

"ஓஹோ. என்னையும் அந்தப் பொட்டிக்குள்ள உக்கார வைக்கப் பார்க்கிறியா?"

"உக்கார்ந்தா என்ன ஆகும்?"

"காது போச்சுன்னு தெரிஞ்சா ரம்பத்துக்கிட்ட என்னை விடுவாங்களா? கேட்ல உக்கார வச்சிடுவாங்க. இத்தனை வருஷம் வேலை பார்த்துட்டு கேட்டைத் திறந்து மூடவா?" கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். பயத்தைக் கோபமாக மாற்றிப் பேசுவது அவருக்குக் கைவந்த கலை. அன்றைக்கு அது அவளிடம் செல்லுபடியாகவில்லை. ஆனால் அவள் வற்புறுத்தவும் இல்லை.

வற்புறுத்தியது மகள், தனக்கே தெரியாமல். அந்த வாரம் போனில் பேசும்போது, "அப்பாவுக்கு என் மேல என்னம்மா கோபம்?" என்று கேட்டாள். "நான் கூப்பிட்டா எடுக்கறதே இல்ல. எடுத்தாலும் 'இரு, அம்மாகிட்ட தரேன்'னு குடுத்துடறார். நான் ஊரை விட்டு வந்தது பிடிக்கலையா?"

அன்று சாயங்காலம் அவள் அவர் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு வார்த்தையாக அதைச் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டார். எழுந்து போய் வாசல் குழாயில் கையைக் கழுவினார். கழுவிய கையையே மறுபடி மறுபடி கழுவிக்கொண்டு நின்றார்.

அடுத்த நாள் மத்தியானம், வரிசையில் அடுத்தவரைக் கூப்பிட அவள் கதவைத் திறந்தபோது, பெஞ்சில் மற்ற நோயாளிகளோடு அவர் உட்கார்ந்திருந்தார். முடியெல்லாம் மரத்தூள், கையில் டோக்கன்.

"உள்ள வாங்க" என்றாள், எல்லோரிடமும் சொல்வது போலவே.

ஹெட்போனை அவளே மாட்டிவிட்டாள். தாழ்ந்த சுருதி ஒலிகளுக்கு விளக்கு உடனுக்குடன் எரிந்தது. சுருதி மேலே போகப் போகத் தயங்கியது. அப்புறம் எரியவில்லை. குமிழை இன்னும் திருகினாள், எரியவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் பொத்தானில் கட்டை விரலை வைத்தபடி, தேர்வு எழுதும் பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அந்த முறை விளக்குக்காகக் காத்திருந்தபோது அவள் மனசு எங்கேயும் போகவில்லை.

பிறகு வார்த்தைகள். அவள் மைக்கில் சொல்வதை அவர் திருப்பிச் சொல்ல வேண்டும்.

"சாவி" என்றாள்.

"ஆவி."

"தேன்."

"ஏனா?" அவர் கோபமாக நிமிர்ந்தார். "ஏன்னு கேக்கறியே, நீதானே வரச் சொன்ன!"

அவளுக்கு வந்த சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரித்துக்கொண்டே இருந்தவள் கண்ணைத் துடைக்க ஆரம்பித்தாள். அவர் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, என்ன தப்பாகச் சொன்னோம் என்று புரியாமல், அவள் சிரிப்பதைப் பார்த்துத் தானும் சிரித்தார்.

காது மெஷின் இரண்டு வேண்டும் என்று டாக்டர் சொன்னார். அதன் விலையைக் கேட்டதும் அவளுக்கு வேறு எந்தக் கணக்கும் போட வேண்டியிருக்கவில்லை. வெள்ளைக் காரை விட்டால் கல் நிறக் காரும் வரும், மெஷினும் வரும். வெள்ளையைப் பிடித்துக்கொண்டால் வெள்ளை மட்டும்தான்.

முடிவு சொல்வதற்கு ஷோரூமுக்கு அவள் தனியாகப் போனாள். போனில் சொல்லியிருக்கலாம். "ஒரே ஒரு நிமிஷம் உக்காந்து பார்க்கலாமா?" என்று கேட்டாள். ஷோரூம்காரம்மா கதவைத் திறந்துவிட்டு, எதுவும் கேட்காமல் தள்ளிப் போய் நின்றார். அவள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே ஆட்கள் வாயசைத்தார்கள், ஒருவர் தும்மினார், எதுவும் உள்ளே வரவில்லை. சாய்ந்து கண்ணை மூடினாள். ஏரி வந்தது. கார் அதன்மேல் போனது. இந்த முறை உற்றுப் பார்த்தாள். உள்ளே இருந்தது அவள் ஒருத்திதான். அவள் இறங்கி, நன்றி சொல்லிவிட்டு, பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தாள்.

மெஷின் மாட்டிய முதல் வாரம் அவர் பட்ட பாடு கொஞ்சமில்லை. "இந்த செருப்பு எப்பவுமே இப்படித்தான் கத்துமா?" என்பார். அப்பளத்தைக் கடித்துவிட்டுத் திடுக்கிட்டார். பேப்பரை யாராவது மடித்தால் காதைப் பொத்திக்கொண்டார். கல் நிறக் காரை வீட்டுக்கு ஓட்டி வந்த அன்று, திரும்பும்போது இண்டிகேட்டர் டிக் டிக்கென்று அடிக்க, வண்டியை ஓரம் கட்டிவிட்டு, "எங்கேயோ கழண்டுபோச்சு போலிருக்கு" என்று இறங்கிச் சுற்றி வந்தார். இன்ஜின் எழுந்தபோது முகத்தைச் சுளித்தார்.

"சே, என்ன இரைச்சல்! வெள்ளையையே வாங்கியிருக்கலாமோ?"

அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் அவர் முகத்தைச் சாலைப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மில்லில் அவர் பயந்தது பாதி நடந்தது. ரம்பத்திலிருந்து அவரை மாற்றிவிட்டார்கள். ஆனால் கேட்டில் உட்கார வைக்கவில்லை. மரக்கட்டைகள் வந்திறங்கும் முற்றத்துக்கு அனுப்பினார்கள், எது எதற்கு ஆகும் என்று பிரித்து வைக்கும் வேலை. ஒரு மாதம் உம்மென்று இருந்தார். வெயிலும் காற்றும் பழகியது. அறுபடாத மரத்தில் இவ்வளவு வாசனை இருக்கும் என்று தெரியாது என்றார் ஒரு நாள். ஆனாலும் ரம்பம் ஓடும் பக்கம் போகும்போது நடை கொஞ்சம் மெதுவாவதை அவள் ஒருமுறை பார்த்தாள்.

குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடல் பார்க்கக் கிளம்பினார்கள். பெரிய டிக்கியில் மடக்கு நாற்காலிகள், போர்வை, பிளாஸ்க். காலை வெகுநேரம் ஆகியும் பனி விலகவில்லை. வயல் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாத வெளுப்பு. மெதுவாகத்தான் போக முடிந்தது, அதனால் இன்ஜினும் பெரும்பாலும் தூங்கியது. அவர் பேசிக்கொண்டே வந்தார். கட்டைகளைப் பற்றி, லாரிக்காரரைப் பற்றி, எதிர்வீட்டு நாயைப் பற்றி. தேங்கிக் கிடந்ததெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. சில நேரம் அவளுக்கே அலுத்தது.

அப்போது அவர் போன் அடித்தது. மகள். அவர் வண்டியை ஓரமாக நிறுத்தினார். வழக்கம்போல் தன் பக்கம் நீட்டுவார் என்று அவள் கையைத் தூக்கினாள். அவர் நீட்டவில்லை.

"சொல்லுடா கண்ணு" என்றார்.

மகள் ஏதோ கேட்க, அவர், "ஆமா, கேக்குது. நல்லா கேக்குது" என்றார். "நீ சளி பிடிச்சவ மாதிரி பேசறியே, என்ன?"

பேச்சு முடிகிற மாதிரி தெரியவில்லை. அவள் இறங்கிச் சுற்றி வந்து, அவரைப் பக்கத்துச் சீட்டுக்கு நகரச் சொல்லிச் சைகை காட்டிவிட்டு, ஸ்டீரிங்கைப் பிடித்தாள். கார் சத்தமில்லாமல் நகர்ந்தது. அவர் மகளின் அறையில் ஜன்னல் எந்தப் பக்கம் என்று விசாரித்தார், காலையில் வெயில் வருமா என்றார், பரீட்சையைப் பற்றிக் கேட்கவேயில்லை. கடலுக்குத் திரும்ப வேண்டிய பாதை பனியிலிருந்து வந்து, பக்கத்தில் தெரிந்து, பின்னால் போனது. அவள் பார்த்தாள். அந்தப் பேச்சு முடியட்டும் என்று நேராக ஓட்டிக்கொண்டு போனாள்.