லோறன்ஸ் பக்கம் மாறிய கதை

லோறன்ஸ் பொய் சொல்லத் தெரியாதவன். அதனால்தான் அவனுக்கு அவ்வளவு பாடும் வந்தது. பாசையூர்ப் பெடியன், கடல்தொழில் குடும்பம், கிழிந்த வலை பொத்துவான், வொலிபோல் நன்றாக அடிப்பான். ஹேசல்பெக் என்ற சின்ன ஊரில் அகதிகளுக்கு ஒதுக்கிய பழைய கட்டடத்தில், எங்கள் அறைக்கு அடுத்த அறையில் இருந்தான். நான், கொறற்றி, என் மனுஷன் ஞானப்பிரகாசத்துக்குச் சமைக்கும்போது அவனுக்கும் ஒரு பிடி அரிசி போடுவேன்.

ஊரில் அவனுக்கும் றீற்றா என்ற பெண்ணுக்கும் எழுத்து முடிந்திருந்தது. பதிவுக்காரர் வீட்டுக்கு வந்து, இருவரும் கையெழுத்து வைத்து, பலகாரமும் சாப்பிட்டாயிற்று. எங்கள் பக்கத்தில் எழுத்து வேறு, கலியாணம் வேறு. எழுத்து முடிந்த பெண் தாய்வீட்டில்தான் இருப்பாள். கோயிலில் தாலி ஏறினால்தான் புருஷன் பெண்சாதி. தாலி ஏற வேண்டிய கிழமையில் ஆமி ஊரைச் சுற்றிவளைத்தது. லோறன்ஸ் ஓடித் தப்பி, கிழக்கு பெர்லின் வழியாக மேற்கு ஜெர்மனிக்கு வந்து சேர்ந்தான்.

அசூல் என்கிற அகதித் தஞ்ச விசாரணையில் கலியாணம் ஆகிவிட்டதா என்று கேட்டார்கள். "இன்னும் இல்லை" என்றான். உண்மைதானே! அடுத்த வருஷம், 1986இல், றீற்றா வந்தாள். அவளும் அதே உண்மையைச் சொன்னாள். கலியாணம் ஆகாத இரண்டு பேரை ஒரே இடத்தில் போட எந்த அரசாங்கத்துக்கும் அவசியம் இல்லை. அவளைப் பக்கத்து ஊரான டோர்ன்பெக்கில் போட்டார்கள். எங்கள் கட்டடத்தில் முழுக்க ஊர் ஆட்கள் இருந்தும் ஒருவருக்கும் இதில் பிழை தெரியவில்லை. நாங்களும் அப்படித்தானே சொல்லியிருப்போம்.

டோர்ன்பெக் பக்கத்து ஊர்தான், ஒரு செபமாலை சொல்லி முடிக்கிற நடைதூரம். ஆனால் இடையில் மாவட்ட எல்லை ஓடியது. அசூல் கேட்டவன் தன் மாவட்டத்தைவிட்டு அனுமதி இல்லாமல் காலெடுத்து வைக்கக்கூடாது. முதல் நத்தாருக்கு, யேசு பிறந்த நாளன்று, லோறன்ஸ் அவளிடம் ஒரு கேக்கோடு போனான். டோர்ன்பெக் பஸ் தரிப்பிடத்தில் பொலிஸ் பிடித்து, தண்டம் போட்டு, இன்னொரு தரம் என்றால் வழக்குக்கே கேடு என்று சொல்லி அனுப்பினார்கள். கேக்கை அவன் திருப்பிக் கொண்டுவந்தான். அதை வெட்டவும் மனம் வராமல், எறியவும் மனம் வராமல் வைத்திருந்து, கடைசியில் பூஞ்சணம் பிடித்தது.

எல்லையில் பழைய செங்கல் சூளைக் காணி ஒன்று சும்மா கிடந்தது. பாதி ஹேசல்பெக், பாதி டோர்ன்பெக். நடுவில் எல்லைக் கற்கள். லோறன்ஸ் ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னான்.

"அக்கா, வொலிபோல் விளையாடப்போறம். கல்லுக்கு நேரா வலை. நாங்கள் இஞ்சாலை, அவங்கள் அங்காலை. ஒருத்தரும் எல்லை தாண்டத் தேவையில்லை."

"பந்து தாண்டுமே?"

"பந்து அசூல் கேக்கேல்லையே அக்கா."

வலையையும் அவனே முடிந்தான். ஞாயிறு தோறும் ஆட்டம். ஹைம் என்கிற எங்கள் அகதி விடுதி இந்தப் பக்கம், டோர்ன்பெக் ஹைம் அந்தப் பக்கம். றீற்றா அந்தப் பக்கத்துப் பெண்களோடு வந்து நின்று டோர்ன்பெக்குக்குக் கை தட்டுவாள். ஆட்டம் முடிந்ததும் வலைக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் இவன். வலைக் கண்ணிக்குள்ளால் பொரித்த ரோல்ஸ் ஒன்றை நீட்டுவாள். ரோல்ஸ் போகிற அளவுக்குக் கண்ணியைப் பெரிதாக முடிந்திருந்தான், கள்ளன். ஒருநாள் பொலிஸ்காரர் ஒருவர் வந்து, எல்லைக் கற்களைப் பார்த்து, எல்லாருடைய கால்களையும் பார்த்து, பிழை ஒன்றும் காணாமல் போய்விட்டார்.

அந்த ஊர்கள் இரண்டும் பரம எதிரிகள். காரணம் கேட்டால் ஒருவர் பழைய உதைபந்தாட்டப் போட்டி என்பார், மற்றவர் சவக்காலை மதில் என்பார். ஆனால் இரண்டுக்கும் ஒரு பூங்கா வேண்டியிருந்தது, இரண்டிடமும் காசில்லை. மாநில அரசு ஒரு நிதி வைத்திருந்தது. அது தனி ஊருக்குக் கிடைக்காது, பக்கத்து ஊரும் சேர்ந்து கேட்டால்தான் கிடைக்கும். எனவே மேயர்கள் இருவரும் ஒரே மேசையில் இருந்து, குழந்தைகள் ஊஞ்சல் எந்தப் பக்கம், கக்கூஸ் எந்தப் பக்கம் என்று ஒரு வருஷம் சண்டை பிடித்தார்கள். ஊஞ்சலை இருவரும் கேட்டார்கள். கக்கூஸை இருவரும் பெருந்தன்மையோடு மற்றவருக்கு விட்டுக்கொடுத்தார்கள்.

பிறகு மாநில அதிகாரி நேரில் பார்க்க வருவதாக அறிவித்தார். இரண்டு ஊர்ச் சனமும் அந்தக் காணியில் சேர்ந்து பொழுதுபோக்குகிறார்களா என்று அவர் பார்க்கவேண்டுமாம். அங்கே யார் சேர்ந்தார்கள்? எங்கள் பெடியங்கள்தான். ஊர்ச் சபைக்குப் புல் வெட்டிக்கொண்டிருந்த லோறன்ஸிடம் ஹேசல்பெக் மேயரே வந்து, ஞாயிறு ஆட்டத்தை அதிகாரி வருகிற புதன்கிழமை வைக்க முடியுமா என்று கேட்டார்.

அன்றைக்கு ஜெர்மன்காரரும் இரண்டு பக்கமும் வந்து நின்றார்கள். அதிகாரி வொலிபோல் தெரிந்த மனிதர். முதல் சுற்று முடிந்தது. சுற்று முடிந்தால் அணிகள் பக்கம் மாறவேண்டும்; மாறாமலே இரண்டாவது தொடங்கியது.

"ஏன் பக்கம் மாறவில்லை?" என்று கேட்டார்.

மேயர்கள் இருவரும் தங்கள் சப்பாத்தைப் பார்த்தார்கள். லோறன்ஸ் தன் உடைந்த ஜெர்மன் மொழியில் பதில் சொன்னான்: "அந்தப் பக்கம் போனால் பொலிஸ் பிடிக்கும். அவர்கள் இந்தப் பக்கம் வந்தாலும் பிடிக்கும்."

அதிகாரி வலையைப் பார்த்தார், கற்களைப் பார்த்தார். விளையாடுகிறவனே மறுபக்கம் போக முடியாத இடத்தைப் பொதுப் பூங்கா என்று தன்னால் எழுத முடியாது என்றார். அவ்வளவுதான். அதுவரை எங்களுக்கு ஒரு கடிதத்துக்குப் பதில் போட மாதக்கணக்காகும். பூங்காக் காசு போகப்போகிறது என்றதும் இரண்டு மாவட்ட அலுவலகங்களும் ஒரே கிழமையில் அனுமதி தந்தன: அசூல்காரர் பூங்காவின் இந்த வாசலிலிருந்து அந்த வாசல்வரை போகலாம், பூட்டும் மணிவரை இருக்கலாம்.

1988 கோடையில் பூங்கா திறந்தது. லோறன்ஸும் றீற்றாவும் நடுவில் இருந்த வாங்கில், இடையில் ஒரு ஆள் இருக்கிற இடம் விட்டு, உட்கார்ந்திருந்தார்கள். ஹேசல்பெக் மேயர் வந்து, "காதலியா?" என்று கண்ணடித்தார்.

லோறன்ஸுக்குக் காது சிவந்துவிட்டது. சீச்சீ, அப்படியில்லை, முறையாகப் பேசிய பெண், பதிவுக்காரர் முன்னால் கையெழுத்தும் வைத்தாயிற்று, கலியாணம்தான் இன்னும் ஆகவில்லை என்றான்.

மேயர் அந்த இடைவெளியில் பொத்தென்று உட்கார்ந்தார். "பதிவுக்காரர்? அரசாங்கப் பதிவுக்காரரா? எப்போது?"

சொன்னான்.

"அப்படியென்றால் உங்களுக்குக் கலியாணம் ஆகி நாலு வருஷம்" என்றார் மேயர்.

அவன் வீட்டுக்கு வந்து சொன்னபோது எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. கோதாரி! இந்த நாட்டில் கையெழுத்துத்தான் கலியாணமாம், தாலி வெறும் நகையாம். பதிவுப் பத்திரத்தின் பிரதியை றீற்றாவின் தாய் ஊரிலிருந்து அனுப்பினாள். அவரவர் ஊர் மேயரிடம் அதைக் காட்டி, ஒரே ஊரில் இருக்க விண்ணப்பம் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்கள்.

ஐப்பசியில் ஒரு பின்னேரம் லோறன்ஸ் வந்த கடிதத்தோடு பூங்காவுக்கு ஓடிப்போனான். நானும் மனுஷனும் பின்னால் போனோம். றீற்றாவும் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கடிதத்தோடு ஓடிவந்தாள்.

"றீற்றா, சரிவந்திட்டுது! நான் டோர்ன்பெக்குக்கு வாறன்!"

"இல்லையப்பா, நானெல்லோ ஹேசல்பெக்குக்கு வாறன்!"

இருவரும் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது. ஹேசல்பெக் மேயர் அவனை விட்டுத்தரத் தன் மாவட்டத்துக்கு எழுதியிருக்கிறார். டோர்ன்பெக் மேயர் அவளை விட்டுத்தரத் தன் மாவட்டத்துக்கு எழுதியிருக்கிறார். ஒரு அகதி குறைந்தால் இரண்டு ஊருக்கும் நல்லதுதானே. பூங்காவுக்காகத் தொடங்கிய ஒற்றுமை பூங்காவோடு முடிந்துவிட்டது, ஒருவர் மற்றவருக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நான் மாவட்ட அலுவலகத்துக்குப் போய்க் கத்தினேன். கட்டில்களை வேறு ஆட்களுக்குக் கொடுத்தாயிற்று, திங்கட்கிழமை போய்ச் சேரவேண்டும், பிறகு புதிதாக விண்ணப்பிக்கலாம் என்றார்கள். அதற்கு முடிவு வர இளவேனில் ஆகலாமாம்.

திங்கட்கிழமை அவன் பெட்டியோடு பூங்காவின் இந்த வாசலால் வந்தான், அவள் பெட்டியோடு அந்த வாசலால் வந்தாள். நடு வாங்கில் பெட்டிகளை வைத்தார்கள்.

"இப்பதான் ஒழுங்கா பக்கம் மாறியிருக்கினம்" என்றார் என் மனுஷன்.

"வாயைப் பொத்துங்கோ" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

றீற்றா கைப்பைக்குள்ளிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்தாள். ஊரில் செய்வித்த தாலி. கொழும்பு, பெர்லின் எல்லாம் தாண்டி அவள் பாவாடை மடிப்புக்குள் இருந்து வந்தது.

"இனியும் என்னால ஏலாது. கட்டுங்கோ" என்றாள்.

"சுவாமியார் இல்லாமலோ?" என்றார் என் மனுஷன். ஊரில் பங்குச் சுவாமியாருக்கு உதவியாகக் கோயில் மூப்பராக இருந்தவர்.

"சுவாமியாரிட்டை பிறகு போகலாம். நீங்கள் செபத்தைச் சொல்லுங்கோ" என்றேன்.

சொன்னார். ஊஞ்சலில் இருந்த ஜெர்மன் பிள்ளைகள் ஆடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். லோறன்ஸின் கையில் முடிச்சு விழவில்லை. எத்தனை வலை முடிந்த கை! நான்தான் பிடித்துக்கொடுத்தேன். றீற்றா தாலியைச் சட்டைக்குள் விட்டுக் கோட்டுப் பொத்தானைப் பூட்டினாள்.

பூங்கா பூட்டுகிற மணி அடித்தது.

"ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் இருக்கு. வருவீர்தானே?" என்றான் லோறன்ஸ்.

"வருவன். ஆனா நான் இனி ஹேசல்பெக்குக்கெல்லோ கை தட்டவேணும்" என்றாள் றீற்றா.

புருஷன் தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு டோர்ன்பெக் வாசலால் போனான். பெண்சாதி எங்களோடு ஹேசல்பெக் வாசலால் வந்தாள்.