மண்டபத்து லிஃப்ட்

கல்யாண ரிசப்ஷனுக்கு மாப்பிள்ளை வீட்டார் பார்த்து வைத்திருந்த மண்டபத்தில், விசேஷ நாளன்று லிஃப்ட் மனுஷர்களுக்குக் கிடையாதாம் என்று யாரோ சொன்னதாக முடிவெட்டுகிறவர் சொன்னார். பெண்ணைப் பெற்ற பஸ் கண்டக்டர், முகத்துச் சோப்பு நுரையைக்கூடத் துடைக்காமல் நிமிர்ந்து உட்கார்ந்தார். மேடை இரண்டாம் மாடியில் இருந்தது. அவர் மனைவி சக்கர நாற்காலியில் இருப்பவர்.

அன்று மாலையே, வேறு யாருடைய ரிசப்ஷனோ நடந்துகொண்டிருக்கும்போது போய்ப் பார்த்தார். லிஃப்ட் நிறைய கேட்டரிங்காரரின் அண்டாக்கள்.

"சாப்பாடு ஆறிடக் கூடாது பாருங்க சார், அதான்" என்றார் மேனேஜர்.

"அப்ப என் வீட்டம்மா எப்படிங்க மேல வருவாங்க?"

"அவங்களுக்குக் கீழயே பெரிய டிவி வச்சிடறோம். மேடையில நடக்கிறதெல்லாம் பளிச்சுனு தெரியும். சாப்பாடும் சுடச்சுட கீழயே வந்துடும்."

கண்டக்டருக்குச் சுர்ரென்று ஏறியது. "பெத்தவ டிவியில பாக்கணும், உங்க குழம்பு மட்டும் ஜம்முனு லிஃப்ட்ல போகணுமா? பிதுங்கி வழியிற பஸ்லகூட நடக்க முடியாதவங்களுக்கு எழுந்து இடம் குடுக்கறாங்கய்யா!"

"என்கிட்ட ஏன் சார் கத்தறீங்க? போன வாரமே உங்க சம்பந்திகிட்ட சொல்லிட்டேன். அதனாலென்னன்னுட்டாரு."

அதற்குமேல் அவர் அங்கே நிற்கவில்லை. தெருவுக்கு வந்து சம்பந்திக்குப் போன் போட்டார். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடியும் போட்டார்.

"எடுங்க சம்பந்தி. அதனாலென்னன்னு என்கிட்ட ஒரு தடவை சொல்லுங்க பாப்போம்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு காதில் வைத்திருந்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது.