சாம்பல் கடலுக்கு நான் அடித்த நீலம்

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். மூன்று தடவை ஆரம்பித்து மூன்று தடவையும் அழித்துவிட்டேன். அடுத்தவனைக் கலாய்த்து எழுதச் சொன்னால் பத்துப் பக்கம் ஓடும். நானே மாட்டிக்கொண்ட கதை என்றால் கை நகர மாட்டேன் என்கிறது. எரிச்சல் இன்னும் அடங்காததால்தான் எழுதுகிறேன்.

திருமுல்லைவாயிலில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் எனக்கு ஒரு நண்பன் இருக்கிறான். அம்பத்தூர் எஸ்டேட்டில் பெயின்ட் கலக்கும் கம்பெனியில் வேலை. ஒரு சின்னத் தகட்டைக் கொடுத்து இதே கலர் வேண்டும் என்பார்கள். அதே கலர் வரும்வரை இவன் கலக்க வேண்டும். நாள் முழுக்கக் கலரோடு மல்லுக்கட்டுகிறவன், ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் மறுபடி கலரைத் தூக்கிக்கொண்டு காசிமேட்டுக்குப் போவான். அங்கே பத்துப் பன்னிரண்டு பேர் கடலைப் பார்த்து ஓவியம் வரையும் குழு ஒன்று உண்டு.

நானும் கூடப் போவேன். எனக்கு ஒரு கோடு நேராக வராது. ஆவடியில் செல்போன் கடையில் வேலை செய்வதால் பழைய கேமரா ஒன்று கைக்கு வந்தது. வரைகிறவர்களைப் படம் எடுத்துக் குழுவின் ஃபேஸ்புக் பக்கத்தில் போடுவது என் பொறுப்பு.

அந்த ஞாயிறு சாதாரண ஞாயிறு அல்ல. குழுவின் ஓவியங்களில் ஆறு, நகரத்தில் ஒரு ஹாலில் கண்காட்சிக்குப் போகப்போகிறது. குழுவை நடத்தும் மேடம்தான் தேர்வு செய்வார். ஈரம் காயாத படங்களை மேடம் வீடுவரை தூக்கிக்கொண்டு அலைய முடியாது என்பதால், நான் போடும் போட்டோவைப் பார்த்தே தேர்வு. இரண்டு வருஷமாக வரைகிறான் என் நண்பன். ஒரு தடவைகூட அவன் படம் ஒரு சுவரில் ஏறியதில்லை. இந்தத் தடவை ஏறிவிடும் என்று வீட்டில் அம்மாவிடம்கூடச் சொல்லிவைத்திருந்தான்.

அன்றைக்கு வானம் மூடிக் கிடந்தது. கரையில் ஏற்றி வைத்திருந்த ஒரு படகையும் அதற்குப் பின்னால் கடலையும் பார்த்தபடி அவன் உட்கார்ந்திருந்தான். ஒரு மணி நேரமாகத் தட்டில் கலர் கலக்குகிறானே ஒழிய பிரஷ் கேன்வாஸ் துணியைத் தொடவில்லை. பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த மீனவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்.

"இன்னா தம்பி, படம் வரைய வந்தியா, இந்தப் படக வெலைக்குக் கேக்க வந்தியா? அதையே மொறச்சிகினு கீற!"

"அண்ணாத்தே, அவனுக்குப் பொண்ணு பாக்கச் சொல்லோகூட இப்டி பாக்கல," என்றேன்.

"டேய், வாய மூடிகினு இரு," என்றான் நண்பன்.

படம் முடிந்ததும் எட்டிப் பார்த்தேன். கடல் முழுக்கச் சாம்பல். கரைக்குப் பக்கத்தில் கொஞ்சம் மண் நிறம், தூரத்தில் இருக்கிறதா இல்லையா என்று ஒரு பச்சை.

"மச்சான், இன்னாடா இது? கடலா, சிமென்ட் கரைச்ச தண்ணியா?"

"நிமிந்து பாருடா. அங்க இன்னா கீதோ அதான் இங்க கீது."

நிமிர்ந்து பார்த்தேன். அதேதான். தகட்டுக்குக் கலர் சேர்ப்பதுபோல் சேர்த்திருந்தான். ஆனால் அதை அவனிடம் சொல்லவில்லை. நல்லதாக நான் எப்போது சொல்லியிருக்கிறேன்?

மேடம் அந்தக் கோடியில் வரைந்துகொண்டிருந்தவர், பூசைக்கு நேரமாகிவிட்டது என்று சீக்கிரமே கிளம்பிவிட்டார். இவன் படத்தை அவர் நேரில் பார்க்கவில்லை. நான் எல்லார் படத்தையும் ஒன்றொன்றாக எடுத்துக்கொண்டேன்.

திரும்பும் ரயிலில் என் தோளில் சாய்ந்து அவன் தூங்கிவிட்டான். நான் போட்டோக்களைப் போனுக்கு ஏற்றி வரிசையாகப் பார்த்தேன். மற்றவர்கள் எல்லாரும் கடல் என்றால் நீலம் என்று பழக்கத்தில் அடித்திருந்தார்கள். நடுவில் இவன் படம் மட்டும் துவைத்துத் துவைத்து வெளுத்த சட்டைபோல் கிடந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. மற்றவர்களுடையதைத் தொடவில்லை. இவனுடையதற்கு மட்டும் ஃபில்டர் போட்டேன். ஒரே தட்டு. கடல் பளபளவென்று நீலமாகிவிட்டது. வில்லிவாக்கம் வருவதற்குள் பக்கத்தில் போட்டாயிற்று. அவனுக்கு நல்லது செய்துவிட்ட திருப்தியில் ஒரு சமோசாகூட வாங்கித் தின்றேன்.

சாயங்காலத்துக்குள் அந்தப் படத்துக்குத்தான் லைக் அதிகம். செம, சூப்பர், இதயம், தீ. எனக்குத் தலைகால் புரியவில்லை. அவன் அந்தப் பக்கத்தையெல்லாம் திறந்து பார்க்கிற ரகம் இல்லை.

மறுநாள் மத்தியானம் பட்டியல் வந்தது. ஆறு பேர். அவன் இல்லை. அவன் படத்துக்குக் கீழே மேடம் எழுதியிருந்தார்: "நிறம் மிக அதிகம். நேற்றுக் கடல் இப்படி இல்லை. பார்த்ததை வரையப் பழக வேண்டும்."

அத்தனை பேரில் பார்த்ததை வரைந்தவன் அவன் ஒருத்தன்தான். உடனே மேடத்துக்குப் போன் போட்டேன்.

"மேடம், அந்தக் கலர் அவன் அடிச்சது இல்ல, நான் அடிச்சது. ஃபில்டரு மேடம். நெஜப் படம் வேற, இப்பவே அனுப்பறேன்."

"ஏம்பா, இத நேத்தே சொல்றதுக்கென்ன? லிஸ்ட் ஹாலுக்குப் போயாச்சு. அச்சுக்கும் குடுத்துட்டாங்க."

"ஒண்ணே ஒண்ணு மேடம், ஓரமா மாட்டுனாலும் போதும்."

"யாரோடத எடுக்கச் சொல்ற? நீயே சொல்லு."

போனை வைத்துவிட்டு, நிஜப் படத்தைக் குழுவின் பக்கத்தில் மறுபடி போட்டேன். மூன்று லைக். அதில் ஒன்று என்னுடையது. "முதல்ல போட்டதுதான் அழகு" என்று ஒருவர் அறிவுரை வேறு. போனைத் தூக்கி ஆவடி பஸ் ஸ்டாண்டு நடுவில் எறியலாம்போல் இருந்தது.

நண்பனின் கம்பெனியில் கேட்டிலேயே போனை வாங்கி வைத்துவிடுவார்கள். ஆறு மணிக்குத்தான் கையில் கிடைக்கும். அதற்குள் நடந்ததையெல்லாம் வாட்ஸாப்பில் எழுதிவிட்டேன். கிண்டல் ஒன்றுகூடச் சேர்க்கவில்லை. ஃபில்டர் போட்டது நான், உன் சாம்பல் சரியான சாம்பல், அங்கேயே சொல்லியிருக்க வேண்டும், திட்டுவதாக இருந்தால் திட்டிவிடு என்று முடித்தேன்.

ஆறரைக்கு இரண்டு டிக்கும் நீலமாயின. போன் அடித்தேன், எடுக்கவில்லை. கடையில் ஒருத்தர் போன் திரையில் டெம்பர் கிளாஸைக் கோணலாக ஒட்டித் திட்டு வாங்கினேன்.

ஏழே முக்காலுக்கு வீட்டிலிருந்து பதில் போட்டான்.

"ரெண்டு படத்தையும் காட்டுனேன். எங்கம்மா அந்த நீலக் கடலையே பெருசா பிரிண்ட் போட்டுக் கேக்குது மச்சான்."